நாலாம் பக்கத்தை யாரும் படிக்கவில்லை

அத்தியாயம் 4

கோவையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர்களுக்குப் பத்து கேஸ் வந்தால் ஒன்பது மாப்பிள்ளை கேஸ். பையன் குடிப்பானா, குடித்தால் எங்கே குடிப்பான், அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்கிறவன் நிஜமாகவே அமெரிக்காவில் இருக்கிறானா, அல்லது அன்னூரில் அத்தை வீட்டில் இருக்கிறானா. ஒரே மாதத்தில் மூன்று மாப்பிள்ளைகளின் பின்னால் அலைந்து செருப்பைத் தேய்த்திருந்த செங்கோட்டையனுக்கு, காளப்பட்டி சாலையில் இருக்கும் மருந்து ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்ததும் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துவரை பொத்தான், சட்டைப் பையில் இரண்டு பேனா. அதில் ஒன்று எழுதாது.

"ஏன் கண்ணு, நோபல் பரிசு வாங்கவா போறோம்?" என்று கேட்டாள் கோமளா.

கோமளாதான் அந்த நிலையத்தின் முதலாளி. வயது ஐம்பத்திரண்டு. நூற்பாலையில் நூலுக்குக் குறை கண்டுபிடிக்கும் பிரிவில் இருபது வருஷம் இருந்தவள். மில்லை மூடிவிட்டார்கள். நூலை விட்டுவிட்டு மனிதர்களிடம் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். தொழில் ஏறக்குறைய ஒன்றுதான், சரக்குக்கு மட்டும் பஞ்சமே கிடையாது என்பாள். செங்கோட்டையன் அவளுக்கு உதவியாளன், ஓட்டுநர், கேட்காமலே கருத்துச் சொல்கிறவன்.

ஆராய்ச்சிக்கூடத்தின் பெயர் ராஜம்மாள் பயோ லேப்ஸ். மில் அதிபர் சுந்தரராஜுலு தன் தாயார் பெயரில் தொடங்கியது. மருந்துக்கும் தாயார் பெயர்தான், ராஜம்மாள்-14. வாசலில் தாயார் படம், வரவேற்பறையில் தாயார் படம், நுண்ணோக்கிக்கு மேலேயும் தாயார் படம். செல்கள் செத்தாலும் பிழைத்தாலும் அம்மையார் பார்த்துக்கொண்டிருப்பார்.

சுந்தரராஜுலுவுக்கு அறுபத்து நாலு வயது. நெற்றியில் நாமம், கையில் ஏற்கெனவே தட்டச்சு செய்து முடித்த போலீஸ் புகார். சாயங்காலம் நாலு மணிக்கு அதை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, கையோடு லேபையும் பூட்டிவிடப் போவதாகச் சொன்னார். துப்பறிவாளரைக் கூப்பிட்டது குற்றவாளியைக் கண்டுபிடிக்க அல்ல. குற்றவாளி லேபில் வேலை செய்யும் ஒரு பெண் என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். திருட்டுப்போன மருந்து அந்தப் பெண்ணின் வீட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் புகாரோடு சேர்த்துவிடலாம், அவ்வளவுதான்.

"மருந்து எதுக்குங்க?" என்று கேட்டாள் கோமளா.

"கேன்சருக்கு ஒரு மருந்து ஏத்தறாங்க இல்லீங்களா அம்மணி. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கறது. அது கேன்சரையும் கொல்லும், கூடவே கையி கால் நரம்பையும் பாழாக்கிப்போடும். விரலெல்லாம் மரத்துப்போயிரும். எங்கம்மாவுக்குக் கடைசி ரெண்டு வருசம் அப்பிடித்தானுங்க, சோத்தப் பெசைய முடியல. அந்த நரம்பைக் காப்பாத்தறதுதான் நம்ம மருந்து. புரதத்துல ஒரு துளியூண்டு துண்டு. பாசிமணி மாலை மாதிரி பதினாலே பதினாலு மணி. பெப்டைடுன்னு சொல்லுவாங்க."

தாயாரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. மற்றபடி மனிதர் ஒரு முடிவோடுதான் உட்கார்ந்திருந்தார்.

அவர் சொன்ன கதை இது. எலியின் நரம்புச் செல்களைத் தட்டில் வளர்த்து, அந்தக் கேன்சர் மருந்தை அவற்றின்மேல் விஷமாக ஊற்றுவார்கள். பாதித் தட்டுகளுக்கு ராஜம்மாள்-14 உண்டு, மீதிப் பாதிக்கு வெறும் தண்ணீர். மருந்து நல்ல மருந்தென்றால் அது போட்ட பக்கம் பிழைக்கும், தண்ணீர்ப் பக்கம் சாகும். இங்கே பத்துத் தடவை செய்தும் அப்படித்தான் நடந்தது. வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று, மருந்தையும் விஷத்தையும் இந்த மாதத் தொடக்கத்தில் பெங்களூரில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நேற்று ஆறு பக்கத்தில் அறிக்கை வந்தது. மருந்துப் பக்கத்துக்கும் தண்ணீர்ப் பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை.

ஆக, பெங்களூருக்குப் போன மருந்து மருந்தே இல்லை. யாரோ அதை எடுத்துக்கொண்டு சர்க்கரைத் தூளை நிரப்பியிருக்கிறார்கள். மருந்து இருக்கும் பெரிய உறைபெட்டிக்கு ஒரே சாவி. அது உஸ்மா என்ற லேப் டெக்னீசியனிடம். உஸ்மாவின் தாயார் கேன்சர் சிகிச்சை முடிந்து விரல் மரத்துப்போனவர். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கையை விரித்தார் சுந்தரராஜுலு. நேற்றே அவளை அறிக்கையைக்கூடப் பார்க்கவிடாமல், சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

"தலைமை விஞ்ஞானின்னு ஒருத்தர் இருப்பாங்களே" என்றாள் கோமளா.

மௌனிகா என்ற அந்த விஞ்ஞானி பிரசவத்துக்காக ஈரோட்டில் தாய் வீட்டில் இருக்கிறாராம். குழந்தை பிறந்து ஒன்பது நாள். பச்சை உடம்புக்காரியிடம் ஆறு பக்க அறிக்கையைக் கொடுத்து அழவைக்க வேண்டாமென்று, தோற்றுப்போச்சு என்று ஒரு வார்த்தையில் போனில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்கே அழுதாராம்.

"அறிக்கைய நீங்க படிச்சீங்களாங்க?"

"கடேசிப் பக்கம் படிச்சேனுங்க. முடிவு அங்கதானுங்களே இருக்கும்."

செங்கோட்டையனுக்கு அது நியாயமாகவே பட்டது. அவனும் நாவல்களை அப்படித்தான் படிப்பான். கோமளா அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து வரும்போது சுந்தரராஜுலு பின்னாலிருந்து ஆற்றாமையோடு சொன்னார்.

"ஆயுத பூசை அன்னைக்கே எனக்குச் சந்தேகமுங்க. மத்தியானமே சாவியத் தூக்கிட்டுப் போயிருச்சு அந்தப் புள்ள. உறைபெட்டியத் தொறந்து உள்ள ஒரு பொட்டு வெக்க முடியல. கதவுமேல வெச்சுட்டு வந்தோம். மடியில கனமில்லாதவ சாவியக் குடுத்துட்டுப் போயிருக்கோணுமா இல்லீங்களா?"

காரில் ஏறியதும், இது அரைநாள் கேஸ்தான் என்று செங்கோட்டையன் தீர்ப்பு எழுதிவிட்டான். சாவி அவளிடம், நோயாளி அவள் வீட்டில், மருந்து அவள் கையெட்டும் தூரத்தில். "நானா இருந்தாக்கூட எடுத்திருப்பனுங்க்கா" என்றான்.

"அதுக்குத்தான் உன்கிட்ட யாரும் எந்தச் சாவியும் குடுக்கறதில்ல" என்றாள் கோமளா.

உஸ்மாவின் வீடு கோட்டைமேட்டில், கார் போகாத சந்தில் இருந்தது. காரை உக்கடம் குளக்கரைப் பக்கம் விட்டுவிட்டு நடந்தார்கள். ஐப்பசித் தூறல். இஸ்திரி போட்ட சட்டை பாதி வழியிலேயே சாதாரணச் சட்டையாகிவிட்டது.

கதவைத் திறந்தது உஸ்மா. இருபத்தாறு வயது. அழுது முடித்து முகம் கழுவி, மறுபடி அழுது, மறுபடி கழுவிய முகம். கோமளா தான் யாரென்றும், யார் அனுப்பி வந்தோமென்றும் மறைக்காமல் சொன்னாள். வீட்டைச் சோதனை போட வந்திருக்கிறோம் என்றும் சொன்னாள். உஸ்மா விலகி நின்று வழிவிட்டாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பழைய குளிர்பெட்டி. செங்கோட்டையன் அதைத் திறந்து பார்த்தான். தயிர், அரைமூடித் தேங்காய், இட்லி மாவு. மருந்து மைனஸ் எண்பது டிகிரியில் இருக்க வேண்டும் என்று உஸ்மா சொன்னாள். இந்தப் பெட்டி தயிரைக் காப்பாற்றுவதே பெரிய பாடு.

"டீ குடிச்சுட்டுத் தேடட்டும்னு அவகிட்டச் சொல்லு தம்பி" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. உஸ்மாவின் தாய் பாத்திமுத்து. தம்பி என்று அவர் சொன்னது செங்கோட்டையனை. அவன் மூலமாக அவர் பேசியது கோமளாவிடம் என்று அவன் முதலில் நினைத்தான். பிறகுதான் விளங்கியது, அம்மாள் அந்த வீட்டில் மகளைத் தவிர எல்லோரிடமும் பேசுவார். மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கண்ணில் பட்ட ஆளைத் தபால்காரனாக்கிவிடுவார்.

"அவளை வாசக்கதவச் சாத்தச் சொல்லு தம்பி. தெருவே பாக்குது."

செங்கோட்டையன் மூன்றடி தள்ளி நின்றிருந்த உஸ்மாவிடம், "கதவச் சாத்தச் சொல்றாங்க" என்றான். அவள் சாத்தினாள். சம்பளம் இல்லாத உத்தியோகம், ஆனால் மாப்பிள்ளை பார்ப்பதைவிடப் பரவாயில்லை.

பாத்திமுத்து டீ கொண்டுவந்தார். அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றிய கையோடு, இரண்டு எவர்சில்வர் டம்ளர்களையும் வெறுங்கையால் அடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக நடந்து வந்தார். செங்கோட்டையன் மரியாதையாக வாங்கினான். வாங்கிய வேகத்தில் அவன் உள்ளங்கை பற்றிக்கொண்டது. இடது கை, வலது கை, சட்டை நுனி என்று டம்ளரை மாற்றி மாற்றிப் பிடித்து, கடைசியில் தரையில் வைத்துவிட்டு விரல்களை வாயில் வைத்துக்கொண்டான். கோமளா தன் டம்ளரை முந்தானையால் பிடித்து வாங்கினாள். அவள் பார்வை டீயில் இல்லை, பாத்திமுத்துவின் விரல்களில் இருந்தது. பத்தும் சிவந்து கன்றியிருந்தன. அம்மாளுக்கு அது தெரியவே இல்லை.

உஸ்மா ஓடிவந்து தாயின் கையைப் பிடித்தாள். பாத்திமுத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சட்டைப் பித்தான் போட முடியல, சாவித் துவாரத்துல சாவி விட முடியல" என்று கோமளாவின் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நானே வாய் தொறந்து கேட்டேனுங்க. ஒரே ஒரு புட்டி கொண்டா, யாருக்குத் தெரியப்போவுதுன்னு. மாட்டேன்னு சொல்லிப்போட்டா. மனுசங்களுக்கு இன்னும் குடுத்ததில்லையாம், என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாதாம், ரூலு இல்லையாம். பெத்தவ விரலு சாகலாம், ரூலு சாகக்கூடாது. அன்னையிலிருந்து நான் அவகூடப் பேசறதில்லீங்க. இவ திருடியிருந்தா நான் எதுக்குங்க பேசாம இருக்கேன்?"

காலையில் தான் எழுதிய தீர்ப்பை நினைத்துச் செங்கோட்டையனுக்கு வெட்கமாக இருந்தது. கேட்டும் எடுக்காத பெண்ணை ஒரு சாவியை வைத்துத் திருடியாக்கியிருக்கிறோமே என்று மனசு உறுத்தியது. டீயை ஆறவைத்து மிச்சம் வைக்காமல் குடித்தான். அவனால் செய்ய முடிந்த மரியாதை அதுதான்.

கோமளா உஸ்மாவிடம் மூன்று கேள்வி கேட்டாள். பூசையன்று சாவியை ஏன் எடுத்துப் போனாய் என்பது முதல் கேள்வி. ஆளில்லாத நேரத்தில் உறைபெட்டி பூட்டியிருக்க வேண்டும், சாவி பொறுப்பானவரிடம் இருக்க வேண்டும் என்பது மௌனிகா மேடம் போட்ட விதி என்றாள் உஸ்மா. அன்று மத்தியானம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் செக்கப். பேசாமலே ஒரே ஆட்டோவில் போய்ப் பேசாமலே திரும்பினார்களாம். பெங்களூருக்கு விஷத்தையும் நீதான் கட்டினாயா என்பது இரண்டாவது. இல்லை, மருந்தை எடுக்கிறவர் விஷத்தைத் தொடக் கூடாது, விஷத்தை லேப் மேனேஜர் எடுத்துக் கட்டினார். மூன்றாவது, விஷத்தையும் மைனஸ் எண்பதில்தான் வைப்பார்களா?

"இல்லீங்க மேடம். அது சாதாரண பிரிட்ஜ்லதான் இருக்கும், பூட்டு கிடையாது. சின்னக் கண்ணாடிப் புட்டிங்க. வெளிச்சமும் சூடும் ஆகாது, வீரியம் போயிரும். அதனால ஃபாயில் பேப்பர் சுத்தி வெச்சிருப்போம்."

"நல்லதும்மா" என்று எழுந்தாள் கோமளா. "நாலு மணி வரைக்கும் போனைக் கையிலயே வெச்சிரு."

உக்கடத்தில் கார் நகரவில்லை. மேம்பாலம் வந்தால் நெரிசல் தீரும் என்றார்கள். மேம்பாலம் வந்தது, நெரிசலும் கூடவே இருந்தது. மணி இரண்டரை. செங்கோட்டையன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான். கோமளா அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கத்தில் பெங்களூர்க்காரர்களின் விலாசமும் பெருமையும். இரண்டாம் பக்கத்தில் தட்டுகளின் படம். மூன்றாம் பக்கம் முழுக்க எண்கள். நாலாம் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

"கண்ணு, இதைப் படி."

"ஏ பக்கம், நூத்துக்குத் தொண்ணூத்தாறு. பி பக்கம், நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு. ரெண்டும் ஒண்ணுதானுங்க்கா. அதைத்தான் அந்தப் பெரியவரும் சொன்னாரு."

"தொண்ணூத்தாறு என்னது?"

"உசுரோட இருக்கற செல்லு."

"இதுல எந்தப் பக்கம் மருந்து, எந்தப் பக்கம் தண்ணி?"

"ஏ மருந்து, பி தண்ணி."

"விசத்துமேல வெறும் தண்ணி ஊத்தினா எத்தனை பொழைக்கோணும்? இங்க பத்துத் தடவை பண்ணினப்ப முப்பதுக்கு மேல போகலைன்னு மூணாம் பக்கத்துல போட்டிருக்காங்க."

செங்கோட்டையன் வாயைத் திறந்தான். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. காரை ஒரு அடி நகர்த்திவிட்டு மறுபடி தாளைப் பார்த்தான். மருந்து சர்க்கரையாக இருந்திருந்தால் இரண்டு பக்கமும் செத்திருக்க வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் பிழைத்து, சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது. கொலை நடந்த வீட்டில் பிணமே இல்லை. நாலாம் பக்கத்தின் அடியில் பெங்களூர்க்காரர்களே பொடி எழுத்தில் மிகப் பணிவாக எழுதியிருந்தார்கள், அனுப்பப்பட்ட விஷம் எதிர்பார்த்த அளவு வேலை செய்ததாகத் தெரியவில்லை, தயவுசெய்து கவனிக்கவும் என்று. இங்கே கவனிக்க ஆள் இல்லை. கவனிக்கத் தெரிந்த ஒருத்தி தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தியைத் துரத்திவிட்டார்கள்.

"காணாமப் போனது மருந்தில்ல கண்ணு" என்றாள் கோமளா. "விசம்."

செங்கோட்டையனுக்கு வியர்த்தது. மருந்தைத் திருடினால் யாரோ பிழைக்கப் பார்க்கிறார்கள் என்று விட்டுவிடலாம். விஷத்தைத் திருடியவன் என்ன செய்யப் போகிறான்? பூட்டில்லாத பிரிட்ஜ், யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஊருக்குள் இப்போது எந்த வீட்டுக் காப்பியில் அது கலந்து கொண்டிருக்கிறதோ. போலீசுக்கு இப்போதே சொல்லிவிடலாமா என்று கேட்டான். கோமளா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தான். அவினாசி சாலை வந்ததும் கண்ணைத் திறக்காமலே, "ஆயுத பூசை என்ன கிழமை வந்துச்சு?" என்று கேட்டாள். புதன் என்றான் அவன்.

லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றே கால். சுந்தரராஜுலு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். புகார் கையில், கார் ஓட்டுநர் இருக்கையில். மருந்து கிடைத்ததா என்று கேட்டார். கோமளா அதற்குப் பதில் சொல்லாமல், ஆயுத பூசை வெகு சிறப்பாக நடந்ததாகக் கேள்விப்பட்டேனே என்றாள்.

மனிதர் புகாரை மறந்துவிட்டார். முகம் மலர்ந்தது. மில்லில் எப்படி நடக்குமோ அப்படியே இங்கேயும் நடத்தினாராம். மில்லிலிருந்து ஆறு பேர் வந்து கூட்டிப் பெருக்கி, துடைத்து, ஒரு பொருள் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மில்லில் அவர் போட்ட சட்டம், பூசையன்று எந்த ஆயுதமும் மூடியிருக்கக் கூடாது. உறையைக் கழற்று, துணியை எடு, சாமி முன்னால் திறந்து வை. எல்லாம் கிழக்கு பார்த்து இருக்க வேண்டும். வைத்ததை மறுபடி நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், நடுவில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. வியாழன் விஜயதசமி விடுமுறை, வெள்ளி காலை ஒன்பதரைக்கு நேரம் நன்றாக இருந்தது. வெள்ளி மத்தியானமே பெங்களூருக்குப் பெட்டி கிளம்பியது. சொல்லிக்கொண்டே போனை எடுத்துக் காட்டினார். அந்தப் படம்தான் அவர் போனின் முகப்பிலேயே இருந்தது.

"சித்த பெருசு பண்ணுங்க" என்றாள் கோமளா.

கிழக்கு ஜன்னலோரம் ஒரு நீள மேசை. தாயார் படம், வாழைமரம், பொரி மூட்டை. முன்னால் வரிசையாகத் தராசு, நுண்ணோக்கி, கத்தரிக்கோல், பிரிட்ஜிலிருந்து எடுத்த அத்தனை புட்டிகளும். ஒன்றுக்கும் உறை இல்லை. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் கண்ணாடிப் புட்டிகள் பளபளவென்று இருந்தன. படம் எடுத்தவருக்கு நல்ல கை.

"இப்ப அந்த விசப் புட்டி மிச்சம் இருக்குதுங்களா?"

மேனேஜர் போய்க் கொண்டுவந்தார். பெங்களூருக்கு அனுப்பியது போக இரண்டு புட்டிகள், பத்திரமாக ஃபாயில் சுற்றி இருந்தன. கோமளா ஒன்றை வாங்கி ஜன்னலருகே போய் ஃபாயிலைப் பிரித்தாள். மடிப்பிலிருந்து ஏதோ உருண்டு மேசையில் விழுந்தது. செங்கோட்டையன் குனிந்து பார்த்தான்.

"கடுகுங்க்கா" என்றான். "தாளிச்ச கடுகு."

ஃபாயிலை முகர்ந்தான். பெருங்காயம். பூசைச் சுண்டலை மடித்துக் கொடுத்த ஃபாயில். லேப் ஃபாயில் பூசைக்காகக் கழற்றப்பட்டுக் குப்பைக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை எடுத்து வைத்த மில்காரர்கள் ஒழுங்கான ஆட்கள். உறையோடு இருந்ததை உறையோடுதானே வைக்க வேண்டும் என்று, சுண்டல் தீர்ந்த ஃபாயிலை உதறிச் சுற்றி வைத்துவிட்டார்கள். அனுபவசாலிகள், பொட்டைக்கூட அழிக்கவில்லை. புட்டியின் வயிற்றில் காய்ந்த சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் அப்படியே இருந்தன.

"உங்க லேப்ல திருட்டே நடக்கலீங்க" என்றாள் கோமளா. "விசத்தை ரெண்டு நாளு வெயில்ல உக்காரவெச்சுக் கும்புட்டிருக்கீங்க. அதுக்கு வெளிச்சமும் சூடும் ஆகாது, வீரியமெல்லாம் போயிருச்சு. செத்த விசத்த ஐஸ்பெட்டியில கட்டி பெங்களூருக்கு அனுப்பிச்சீங்க. அங்க ஒரு செல்லும் சாகல. சாகாதவங்களை உங்க மருந்து எப்பிடிங்க காப்பாத்தும்?"

சுந்தரராஜுலு புட்டியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், தாயார் படத்தைப் பார்த்தார்.

"சாமி கும்புட்டது தப்புங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கும்புட்டது தப்பில்லீங்க. மூணு பக்கம் பொரட்டாம ஒரு புள்ளையத் திருடின்னு சொன்னதுதான் தப்பு. அது மட்டும் அன்னைக்குச் சாவியக் குடுத்துட்டுப் போயிருந்தா, மருந்தையும் வெளிய எடுத்து வெயில்ல வெச்சிருப்பீங்க. இன்னைக்கு இந்த ராஜம்மா மருந்து ஒரு துளி மிச்சமிருக்காது. சாவியத் தூக்கிட்டுப் போன குத்தத்துக்குத்தான் நீங்க நாலு மணிக்கு ஸ்டேசனுக்குப் போறீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்கே புத்தி சொல்கிற மனிதர், நாமம் வேர்வையில் கரைய, சின்னப் பையனைப் போல உட்கார்ந்திருந்தார். செங்கோட்டையனுக்குச் சொல்வதற்கு நாலைந்து வாசகங்கள் தயாராக இருந்தன, அதில் இரண்டு நல்லவை. ஆனால் சோறு பிசைய முடியாமல்போன அவர் தாயாரின் கை நினைவு வந்து, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டான்.

"அந்தப் புள்ளைக்கு போன் போடுங்க, உடனே வரச்சொல்லுங்க" என்றார் அவர் மேனேஜரிடம்.

"அவ எதுக்குங்க வரோணும்?" என்றாள் கோமளா. "நீங்க வாங்க."

சுந்தரராஜுலுவின் கார் அவர் வயசுக்கும் வசதிக்கும் ஏற்ற கார். கோட்டைமேட்டுச் சந்து அதை உள்ளே விடவில்லை. நாமமும் சில்க் சட்டையுமாக அவர் தூறலில் நடந்து போனதை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. நேற்று திருடி என்று கேள்விப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளெல்லாம் இன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தன. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான் செங்கோட்டையன்.

உள்ளே போய் நின்றவர் சுற்றிவளைக்கவில்லை. புகாரை உஸ்மாவின் முன்னாலேயே நாலாகக் கிழித்தார். தப்பு என்னுதும்மா, நாந்தான் கெடுத்துப்போட்டேன், என்னை மன்னிச்சிரு என்றார். எல்லாவற்றையும் அவரே சொன்னார், வெயில், பொட்டு, சுண்டல் ஃபாயில் உட்பட. உஸ்மா அழவில்லை. பிரிட்ஜில் மிச்சமிருக்கும் விஷத்தை யாரும் தொட வேண்டாம், புதுசு வரவழைக்க வேண்டும், பெங்களூருக்கு மறுபடி எழுத வேண்டும், மௌனிகா மேடத்துக்கு இந்த நிமிஷமே சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முதுகு நிமிர்ந்தது.

பாத்திமுத்து சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சுந்தரராஜுலுவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அப்ப மருந்து நல்ல மருந்துதானுங்களா?"

"நல்ல மருந்துங்கம்மா."

"எனக்கு எப்பக் கெடைக்கும்?"

உஸ்மாதான் சொன்னாள். பெங்களூர்ச் சோதனை முதல் படி, அப்புறம் எலிக்கு, அப்புறம் பெரிய பிராணிக்கு, அதற்கு அப்புறம்தான் மனுஷங்களுக்கு. தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் சரியா நடந்தாலே ஏழெட்டு வருசம் ஆகும்மா என்று முடித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அது வராது போலிருக்கிறது.

பாத்திமுத்து மரத்துப்போன விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். செங்கோட்டையனைப் பார்த்தார். தபால் வரப்போகிறது என்று அவன் தயாரானான். அவர் அவனைத் தாண்டிப் போய் மகளின் எதிரே நின்றார்.

"ஏழெட்டு வருசம் ஆவுங்கறே, அப்பறம் இங்க உக்காந்துட்டு என்ன பண்ணிட்டிருக்கே?" என்றார். "எந்திரி. மூஞ்சியக் கழுவு. போயி வேலையப் பாரு."

இரண்டு மாதத்தில் தாய் மகளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. உஸ்மா தலையாட்டினாள். முகம் கழுவப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை, குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திமுத்து குழாயை நிறுத்தச் சொல்லி யாரையும் அனுப்பவில்லை.